அரண்மனை விருந்துக்கு அம்மாவ கூட்டிட்டுப் போலாமா?

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு அடுத்த மாசம் 70 வயசு ஆகுது. முகலாயர் தர்பார் மாதிரி செட்டு போட்டு, நமக்கு ராஜா ராணி டிரெஸ் எல்லாம் மாட்டிவிட்டு பரிமாறுற ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போலாம்னு பாக்குறோம், ஆளுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி பிளஸ் பிளஸ். நிஜமாவே இப்படித்தான் சாப்பிட்டாங்களா, இவ்வளவு காசு குடுக்கலாமா? - ஈசூன் வாசகி

பதில்: தாராளமா போங்க தங்கச்சி. ஆனா பிளஸ் பிளஸ்னா 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதுக்கு மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 100 வெள்ளி 119.90 ஆயிடும், அஞ்சு பேர் போனா 600 வெள்ளிகிட்ட வந்துடும்.

அக்பரோட சமையக்கட்டு எப்படி நடந்துச்சுன்னு அவரோட அரசவை எழுத்தாளர் அபுல் ஃபசல், அயினி அக்பரிங்கிற புத்தகத்துல விலாவாரியா எழுதி வெச்சிருக்கார். அக்பர் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவாராம், அதுவும் வயிறு நிறையறதுக்குள்ள எழுந்துடுவாராம், நேரம்னு ஒண்ணு கிடையாது, ஆனா கொண்டான்னு சொன்ன ஒரு மணி நேரத்துல நூறு வகை வந்து நிக்கணும். சமைச்சவங்க ருசி பாத்து, அப்புறம் மீர் பகாவல்ங்கிற தலைமை அதிகாரி ருசி பாத்து, தங்கம் வெள்ளி பாத்திரம்னா சிவப்புத் துணி, செம்பு பீங்கான்னா வெள்ளைத் துணின்னு கட்டி, முத்திரை வெச்சு, என்னென்ன போகுதுன்னு எழுதி அனுப்புவாங்க, வழியில ஒரு தட்டு கூட மாறிடக் கூடாதுன்னு அவ்வளவு காவல். குடிக்க கங்கைத் தண்ணி, அதக் குளிர வைக்க வெடியுப்பு.

அதனால தலப்பாகையும் சாமரமும் பாத்து மயங்காம மெனுவ முதல்ல கேட்டு வாங்குங்க. பட்டர் சிக்கன் 20ஆம் நூற்றாண்டுல டெல்லில வந்தது, மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துலேருந்து வந்தது, முகலாய விருந்துன்னு பேர் போட்டுட்டு இதையே வெச்சா அது லிட்டில் இந்தியா தேக்காவுல எங்க வேணா கிடைக்கும், நீங்க செட்டுக்குத்தான் காசு குடுக்குறீங்க. ஹலீம் (கறியும் கோதுமையும் குழைய வெந்தது), யக்னி (கறிச் சாறு), கீமா புலாவ் (கொத்துக்கறி சோறு) இதெல்லாம் அபுல் ஃபசலே பட்டியல் போட்டது, இந்த மாதிரி நெய்யும் குங்குமப்பூவும் வெச்சு நிதானமா செய்யிற ஐட்டம் இருந்தா யோசிக்காம குடுக்கலாம். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தா கீழ திண்டுல உக்கார வைக்காம நாற்காலி போடுவாங்களான்னும் புக் பண்றப்பவே கேட்டுடுங்க.

கேள்வி: நம்ம தமிழ் ராஜா விருந்து எப்படி இருக்கும் அக்கா? - ஜூரோங் வாசகர்

பதில்: சங்க இலக்கியத்துல பொருநராற்றுப்படைங்கிற பாட்டப் படிங்க தம்பி, எனக்கு அந்தப் பகுதி மேல அவ்வளவு ஆசை! கரிகால் சோழன் வாசல்ல பசியோட வந்த பொருநன, அதாவது பாட்டுப் பாடிப் பிழைக்கிற கலைஞன, உக்கார வெச்சு, வெந்த ஆட்டுத் தொடைக்கறி, கம்பியில குத்தி சுட்ட கொழுத்த கறின்னு தின்னு தின்னுன்னு வற்புறுத்துறான். அப்புறம் ஒரு அரிசி கூட உடையாத, விரல் மாதிரி நீண்ட சோறு, பொரிக்கறி. ராவும் பகலும் கறி தின்னு பல்லு கொல்லையில உழுத கலப்பைக் கொழு மாதிரி மழுங்கிப் போச்சுன்னு அந்தப் பொருநனே சொல்றான். அக்பர் பெரும்பாலும் தனியாத்தான் சாப்பிட்டார், நம்ம ஆளு வந்தவன விடாம தின்ன வெச்சிருக்கான். இதுல வர்ற எந்த சாமானுக்கும் சிங்கப்பூர்ல பஞ்சம் இல்ல, பொங்கல் சமயத்துலயாவது நம்ம சமையல்காரர் யாராவது இத அப்படியே செஞ்சு காட்டணும்.