அடுப்படிக் கேள்விகள்: கோழியைக் கழுவலாமா?

கேள்வி: கோழிக்கறியை நாலு தண்ணீரில் அலசித்தான் இத்தனை வருஷமாகச் சமைக்கிறேன். “கழுவவே கூடாது அத்தை” என்கிறாள் மருமகள். கழுவாத கறியை எப்படி வாயில் வைப்பது?

பதில்: உங்கள் அருவருப்பு எனக்குப் புரிகிறதம்மா. விடுதிச் சமையலறையைப் பார்த்துக்கொண்ட காலத்தில் என்னிடம் வேலைக்கு வந்தவர்கள் எல்லாருமே முதலில் இதையேதான் கேட்டார்கள். ஆனாலும் மருமகள் சொல்வதுதான் சரி.

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற கிருமிகள் இருக்கலாம். கறியோடு ஒட்டிக்கிடக்கும் இவை நாலு தண்ணீரில் அல்ல, நாற்பது தண்ணீரில் அலசினாலும் முழுதாகப் போகாது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் கவிச்சியைக் குறைக்கும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்வது அடுப்புச் சூடு. அப்படியென்றால் கழுவினால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். குழாய்த் தண்ணீர் கறிமேல் விழுந்து தெறிக்கிறதே, அதுதான் நஷ்டம். அந்தத் துளிகள் பக்கத்தில் நறுக்கி வைத்த வெள்ளரிக்காய்மேலும் கழுவிக் கவிழ்த்த தட்டின்மேலும் விழும். கோழி அடுப்பில் வேகப்போகிறது, வெள்ளரிக்காய் வேகப்போவதில்லையே!

ரத்தமோ இறகுத் துணுக்கோ தெரிந்தால் காகிதத் துண்டால் ஒற்றியெடுத்து, அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள். அப்படியும் மனசு ஒப்பவில்லையென்றால், சுற்றியுள்ள சாமான்களை அப்புறப்படுத்திவிட்டு, அகலப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, அதற்குள்ளேயே மெதுவாக அலசுங்கள். பிறகு சிங்க்கையும் மேடையையும் சோப்புபோட்டுத் தேய்த்து, கிருமிநாசினியாலும் துடைக்க வேண்டும். அலசாமல் இருப்பது இதைவிடச் சுலபம்.

கையைச் சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். பலரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் கழுவுவதற்கு முன்பே அதே கையால் உப்பு ஜாடி மூடியைத் திறந்திருப்பார்கள். எனக்குப் பெரிய கவலையே அந்த மூடிதான். உப்பு, மசாலா எல்லாவற்றையும் கறியைத் தொடுமுன்பே கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கறி வெட்டும் பலகையும் தனியாக இருக்கட்டும்.

கேள்வி: தனியாகத் தங்கிப் படிக்கிறேன். நன்றாக வேகவைத்தும் கால் துண்டில் எலும்போரம் சிவப்பாக இருக்கிறது. வேகவில்லை என்று அர்த்தமா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது தம்பி. இளம் கோழியின் எலும்பு முழுதாக இறுகியிருக்காது. அதிலிருந்து மஜ்ஜை கசிந்து சதையில் இறங்கும், பிரீசரில் வைத்தெடுத்த கோழியில் இது இன்னும் அதிகம். நன்றாக வெந்த துண்டும் சிவந்து தெரியலாம், வெளுத்த துண்டின் நடுப்பகுதி வேகாமலும் இருக்கலாம். நிறத்தை நம்பாமல் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடு. சதை தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் தயங்காமல் சாப்பிடலாம். அது கைக்கு வரும்வரை சின்னத் துண்டுகளாக வெட்டிக் குழம்பில் கொதிக்கவிடு. முழுக் காலைப் பொரிப்பதைத் தள்ளிப்போடு.

கேள்வி: ராத்திரி செய்த கோழிக் குழம்பு விடியும்வரை மேடையிலேயே இருந்துவிட்டது. வாடை நன்றாகத்தான் இருக்கிறது. கொதிக்கவைத்துச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், கொட்டிவிடுங்கள். சமைத்த கறி வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் வெயில் காலத்தில் 1 மணி நேரம்தான். கெட்ட வாடையை உண்டாக்கும் கிருமிகள் வேறு, வயிற்றைப் படுத்தும் கிருமிகள் வேறு. அதனால் மூக்கை நம்ப முடியாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் விட்டுவைக்கும் நச்சு கொதித்தாலும் அழியாது. மிச்சமானதை அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும். பிரிட்ஜில் வைத்து 3, 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிரீசரிலிருந்து எடுத்த கோழியை எங்கே வைத்து இளக்குவது?

பதில்: மேடையில் வேண்டாம். முதல் நாளே பிரிட்ஜின் அடித்தட்டில், கீழே ஒரு தட்டு கொடுத்து வைத்துவிடுங்கள். மேல்தட்டில் வைத்தால் நீர் வடிந்து கீழே உள்ளவற்றின்மேல் சொட்டும். அவசரமென்றால் தண்ணீர் புகாத பையில் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும்.