மாதவிடாயை நிறுத்திவைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. அடினோமயோசிஸ் என்று கண்டறிந்து டைனோஜெஸ்ட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஐந்து மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும் என்கிறார் மருத்துவர். வெளியேற வேண்டிய ரத்தம் உள்ளே தேங்கிவிடாதா? நடுவில் சில மாதங்கள் நிறுத்திப் பார்க்கலாமா?

நான் மருத்துவர் அல்லர். இதே நோய்க்கு இதே மாத்திரையை, இடையில் ஏழு மாதங்கள் நீங்கலாக, ஆறு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருபவள். வயது 41, சிங்கப்பூரில் வசிக்கிறேன். அந்த ஏழு மாதங்களைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் முதல் கேள்வியை அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அதற்கு விடை தெரியாமல்தான் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன்.

முதலில் ரத்தம் தேங்குமா என்பது. தேங்காது. ஒவ்வொரு மாதமும் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் கருப்பையின் உட்படலம் தடித்து வளர்கிறது. கரு தங்காதபோது அந்தப் படலம் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுவதே மாதவிடாய். டைனோஜெஸ்ட் ஒரு புரோஜெஸ்டின், அதாவது புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைப் போல் வேலை செய்யும் செயற்கை மருந்து. நாள்தோறும் 2 மில்லிகிராம் இடைவிடாமல் உடலில் சேரும்போது அது சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனை ஓரளவு குறைக்கிறது, உட்படலத்தையும் வளரவிடாமல் மெலியச் செய்கிறது. வளராத படலம் உதிர்வதற்கு வழியில்லை. ஆகவே வெளியேற வேண்டியது என்று எதுவும் உள்ளே சேர்வதும் இல்லை. அடினோமயோசிஸ் என்பதே அந்த உட்படலத் திசு கருப்பையின் தசைச் சுவருக்குள் புகுந்து வளரும் நோய். அந்தத் திசுவும் மாதந்தோறும் ஹார்மோனுக்கு ஏற்ப வீங்குவதால்தான் கருப்பை பெரிதாகிறது, வலி உயிரை வாங்குகிறது, உதிரப்போக்கு அளவு மீறுகிறது. வீக்கத்தைத் தூண்டும் சுழற்சியை நிறுத்திவைப்பதே சிகிச்சை. இந்த மாத்திரையைச் சாப்பிடும்வரை மாதவிடாய் வராதது சிகிச்சை வேலை செய்வதன் அறிகுறியே.

இந்த விளக்கத்தை யாராவது என் அம்மாவுக்கு அன்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாசாமாசம் கெட்ட ரத்தம் போனாத்தான் உடம்பு சுத்தமாகும்" என்பது அவர் தம் தாயிடம் கேட்டு வளர்ந்த பேச்சு. பெரியம்மா ஒருபடி மேலே போய், அடைபட்ட ரத்தம் கட்டியாகிவிடும் என்றார். அவர்கள் என்மேல் கொண்ட அக்கறையால் சொன்னதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் மாத்திரையை விட்டேன்.

முதல் இரண்டு மாதங்கள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் பழைய வலி திரும்பியது. ஐந்தாவது மாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஓர் அணையாடை போதாமல் போனது. ஏழாவது மாதம் வேலைக்குப் போகும் வழியில், எம்ஆர்டி ரயில் நிலையத்தின் படிக்கட்டில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஹீமோகுளோபின் 7.9 என்றார்கள்; பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டியிருந்தது.

அதைவிடக் கடினமானது மீண்டும் தொடங்கியது. பெருத்துவிட்ட கருப்பையும் ரத்தசோகையும் சேர்ந்திருக்கும்போது டைனோஜெஸ்ட்டை அப்படியே தொடங்கினால் ஆரம்பத்தில் கடும் உதிரப்போக்கு ஏற்படக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். அதனால் முதலில் மாதம் ஒன்றாக மூன்று லியூப்ரோரெலின் ஊசிகள் போட்டுக் கருப்பையைச் சுருங்கவைத்தார்கள். அந்த ஊசி ஈஸ்ட்ரோஜனை ஏறக்குறைய மாதவிடாய் நின்ற பெண்ணின் அளவுக்கே இறக்கிவிடும். நடு இரவில் உடல் கொதித்து வியர்த்து விழித்துக்கொள்வதும், காரணமின்றி அழுகை வருவதும் எப்படி இருக்கும் என்பதை 38 வயதிலேயே அறிந்தேன். எலும்பைப் பாதிக்கும் என்பதால், வேறு ஹார்மோன் துணை இல்லாமல் அந்த ஊசியைப் பொதுவாக ஆறு மாதங்களுக்குமேல் நீட்டுவதில்லை. டைனோஜெஸ்ட் ஈஸ்ட்ரோஜனை அந்த அளவுக்கு வற்றவைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடிய மருந்தாக இதைத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே.

இந்த மருந்து நோயை வேரறுப்பதில்லை, அடக்கிவைக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஓரிரு மாதங்களில் சுழற்சி திரும்பிவிடும். அதோடு நோயும் திரும்பலாம். எனவே "கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம்" என்பதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. உடலுக்கு ஓய்வு கொடுப்பதாக நாம் நினைக்கிறோம், ஓய்வு கிடைப்பது மருந்துக்குத்தான். குழந்தைக்கு முயல்வது, தாங்க முடியாத பக்கவிளைவு, வேறு சிகிச்சைக்கு மாறுவது ஆகியவை நிறுத்துவதற்கு நியாயமான காரணங்கள். அவற்றைக்கூட மருத்துவரோடு திட்டமிட்டு, ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள். 34 வயதில் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று நினைவில் இருக்கட்டும்: சினை முட்டை வெளியாவதை இது பெரும்பாலும் தடுத்தாலும், இது கருத்தடை மாத்திரையாக அங்கீகரிக்கப்பட்டதன்று. கருத்தடை தேவையென்றால் ஹார்மோன் இல்லாத முறையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயப்பட வேண்டியது ரத்தத் தேக்கத்துக்கு அன்று, கவனிக்க வேண்டியவை வேறு உண்டு. முதலாவது மனநிலை. தலைவலி, மார்பில் கனம், முகப்பரு ஆகியவற்றோடு மனச்சோர்வும் இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகளில் ஒன்று. எனக்கு நான்காவது மாதத்தில் எதிலும் பிடிப்பில்லாமல் போனது. வேலைக் களைப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன், தங்கைதான் கண்டுபிடித்தாள். முன்பு மனச்சோர்வு இருந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், வீட்டில் ஒருவரையாவது கவனிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது எலும்பு. 12 முதல் 18 வயது வரையிலான பெண்களிடம் நடந்த ஓராண்டு ஆய்வில், இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 1.2% குறைந்தது. நீங்கள் அந்த வயதினர் அல்லர், ஆனாலும் பல ஆண்டுகள் சாப்பிடப்போகிறவர் என்பதால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் உங்களுக்குத் தேவையா, எப்போது என்று கேளுங்கள். நான் அந்த ஸ்கேனை எடுத்திருக்கிறேன். நாள் முழுதும் குளிரூட்டிய அலுவலகத்தில் இருந்து, அடுக்குமாடிப் புளோக்கின் நிழலான கீழ்த்தளம் வழியாகவே வீடு திரும்பும் நமக்கு, இத்தனை வெயில் காயும் ஊரிலும் எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி குறைவாக இருக்கக்கூடும். சுண்ணாம்புச்சத்துக்காகக் கேழ்வரகும் நெத்திலியும் வாரத்தில் பல நாட்கள் எங்கள் சமையலில் உண்டு. மூன்றாவதாக, இதுவரை நின்றிருந்த உதிரப்போக்கு திடீரென்று கடுமையாக வந்தாலோ, காலில் ஒருபக்கம் மட்டும் வீக்கமும் வலியும் கண்டாலோ, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள்.

வலிப்பு நோய்க்கான கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்ற சில மருந்துகள் டைனோஜெஸ்ட்டின் வேலையைக் குறைத்துவிடும். நாட்டு மருந்தோ மூலிகைக் கஷாயமோ எடுப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் மறைத்திருக்கிறேன், அது தவறு.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வழி அடைபட்டுவிடவில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோனைச் சுரக்கும், கருப்பைக்குள் வைக்கும் 52 மில்லிகிராம் சாதனம் உதிரப்போக்குக்கு மிக நன்றாக வேலை செய்யும், தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கருப்பை மிகவும் பெருத்திருந்தால் அது வெளியே நழுவும் வாய்ப்பு கூடும். கருப்பையை அகற்றுவதுதான் முடிவான தீர்வு, குழந்தை ஆசை உள்ளவரை அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

செலவைப் பொறுத்தவரை, இங்கே சிங்கப்பூரில் நேராகத் தனியார் மருத்துவரிடம் போகாமல் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குச் சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். விரும்பிய நிபுணரையே தேர்ந்தெடுக்க முடியாது, காத்திருக்கவும் வேண்டும். பல ஆண்டுகள் நீளும் சிகிச்சைக்கு அந்த வேறுபாடு பெரிது.

வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. நான் அம்மாவை அடுத்த சந்திப்புக்கு உடன் அழைத்துச் சென்றேன். மருத்துவர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய படத்தில் மெலிந்திருந்த உட்படலத்தையும், மாத்திரையை விட்டபின் தடித்துப்போன சுவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப உள்ள ஒண்ணும் சேரலையா, டாக்டர்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றார் மருத்துவர். அன்றிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு மாத்திரையை நினைவூட்டுபவர் அவர்தான்.