போன் இல்லாமல் ஒரு வாய் இறங்குவதில்லை

வணக்கம் மேடம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். பையனுக்கு 17 மாதம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் பெரிய வீட்டில் நானும் மாமியாரும் குழந்தையும் மட்டும்தான். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். போனில் பாட்டு ஓடினால்தான் பையன் வாய் திறக்கிறான். வாங்கிவிட்டால் தரையில் புரண்டு அழுகிறான். மாமியாருக்கு டிவிதான் துணை, காலையில் போட்டால் இரவு வரை ஓடும். ஆனால் "உன் கையில எப்பவும் போன், பிள்ளை வேற எப்படி இருக்கும்?" என்று என்னைத்தான் சொல்கிறார். "ஆத்தா" தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. ராத்திரி அவன் அப்பாவோடு வீடியோ கால் பேசுவதையும் நிறுத்திவிட வேண்டுமா? நான் நல்ல அம்மா இல்லையா?

- பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நல்ல அம்மாதான். வீடியோ காலையும் நிறுத்த வேண்டாம். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது என்று சொல்லும் இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கமே, உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. பையன் 'ம்' என்றால் அப்பா பதில் சொல்கிறார். பாட்டு வீடியோ அப்படிச் சொல்வதில்லை.

குழந்தை எவ்வளவு நேரம் திரை பார்க்கிறது என்பது அதன் பிடிவாதத்தால் மட்டும் வருவதல்ல. வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு பார்க்கிறார்கள், டிவி சும்மா ஓடிக்கொண்டிருக்கிறதா, அம்மா எவ்வளவு அசந்திருக்கிறாள், பிள்ளையைக் கைமாற்ற ஆள் உண்டா என்பதெல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. உங்கள் வளவில் ஒரு காலத்தில் பங்காளிக் குடும்பங்கள் கூடியிருந்தபோது பிள்ளை இடுப்பு மாறி இடுப்பு போயிருக்கும். இப்போது அவர்களெல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒற்றை ஆளாக வேலையும் பிள்ளையும் பார்க்கும் பெண் போனை எடுத்துக் கொடுப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

யாரும் பார்க்காமல் டிவி ஓடினாலும், பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் பேச்சு குறைகிறது. குழந்தையின் விளையாட்டும் பாதியில் அறுந்து அறுந்து போகிறது. அதற்காக மாமியாரிடம் "டிவியை நிறுத்துங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். நீங்கள் கணக்கு எழுதும் நேரத்தில் பேரனை முகப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீரியலை அவன் தூங்கும்போது பார்க்கட்டும். அவருக்கும் அந்த வீட்டில் தனிமைதான்.

சாப்பாட்டை ஒரே நாளில் மாற்ற முடியாது. காலை இட்லியில் தொடங்குங்கள். போன் அவன் கண்ணில் படாத அறையில் இருக்கட்டும், உங்கள் போனும்தான். வளவில் தரையில் உட்காரவைத்து, பிய்த்த இட்லியை அவன் கையிலேயே கொடுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவைத் தொட்டுக் காட்டி "பூ" என்று சொல்லிவிட்டு, அவன் ஏதாவது சத்தம் போடும்வரை பொறுங்கள். பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கரண்டியும் டம்ளரும் போதும். இரண்டு வாயோடு எழுந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளை பசிக்கும். திரையைப் பார்த்தபடி விழுங்கும் பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்ததே தெரிவதில்லை. சில நாள் அழுவான். நடுவில் மனசு கேட்காமல் போனைக் கொடுத்தால், மறுநாள் இன்னும் உரக்க அழுவான்.

அப்புறம், பேச்சு. 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று வார்த்தையாவது வர வேண்டும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட வேண்டும். விரல் நீட்டவில்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை என்றால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது பேச்சைப் பற்றிக் கேளுங்கள், காது கேட்பதையும் பரிசோதித்துவிடுங்கள். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று யார் சொன்னாலும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.