அன்றிரவு மட்டும் நித்திரை வந்தது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 46. வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஆறு வருடமாக, எல்லோரும் படுத்த பிறகு இருந்து எழுதிய நாவல் போய்விட்டது. 312 பக்கம். மூன்று மாதத்துக்கு முன்னர் ஹார்ட் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது. பொருத்தினால் டிக், டிக் என்ற சத்தம் மட்டும்தான். முதல் கிழமை முழுக்க நாளுக்கு நாலைந்து தரம் பொருத்திப் பார்த்தேன். இப்போது அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் கிடக்கிறது.

இவர், "போனது போகட்டும், திரும்ப எழுதன்" என்கிறார். ஆறு வருடத்தைத் திரும்ப எழுதலாமா? அதற்கு முதல் மூன்று பதிப்பகங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். ஒன்று பதிலே போடவில்லை. ஒன்று, இப்போது நாவல் எடுப்பதில்லை என்றது. மற்றது, நடுவில் தொய்கிறது, சுருக்கினால் மறுபடி பார்க்கலாம் என்று எழுதியது. மூன்றும் மறுப்புத்தான். சொந்தக் காசில் 300 பிரதி அடிப்போம் என்று இவர் சொன்னதும் எனக்கு அவமானமாக இருந்தது. டிஸ்க் விழுந்த அன்றிரவு மட்டும், ஏனோ தெரியாது, மாதக்கணக்கில் வராத நித்திரை வந்தது. அது கிடக்கட்டும். ஆறு வருடம், 312 பக்கம். இவருக்கு அது வெறும் கோப்பு. ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் இனி எழுதவா, விடவா?

வெள்ளவத்தை வாசகி

அன்புச் சகோதரிக்கு,

"அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப்போன அந்த நித்திரையை என்னால் தாண்ட முடியவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லாத நாவலை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அந்த நிம்மதியில் தூங்கியிருக்கிறீர்கள். நீங்கள் பயப்படுவது நாலாவது பதிலுக்கு.

அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பினேன் என்கிறீர்கள். நீங்கள் அழிக்காத வரை, 'அனுப்பியவை' பெட்டியில் அந்தக் கோப்பு மூன்று இடத்தில் இணைப்பாகக் கிடக்கும். டிஸ்க்கோடு போனது அதற்குப் பிறகு செய்த திருத்தங்கள் மட்டுமே. பெட்டியைத் திறந்தால் பதில்களும் கண்ணில் படும், அதனால்தான் கை போகவில்லை என்று நினைக்கிறேன். டிஸ்க் விழுந்தது உங்கள் பிழையில்லை. மூன்று மாதமாக அந்தப் பெட்டியைத் திறக்காதது உங்கள் பிழைதான்.

இறக்கிய கோப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால், இதுவும் பழுதென்று மூடிவிடாதீர்கள். நம்மவர் பலரைப்போலப் பாமினியில் தட்டியிருந்தால், அந்த எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, அவ்வளவுதான். பாமினியில் 'அம்மா' என்பது ஐந்து குறிகள், அதில் ஒன்று அரைப்புள்ளி. எழுத்துருவை நிறுவியதும் தமிழ் வந்துவிடும். எந்தக் கணினியிலும் தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றுவதானால் மூலத்தைத் தொடாமல் ஒரு பிரதியை மாற்றுங்கள். பிறகு 'மௌனம்', 'கௌரி' போன்ற சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கு ளகரத்தைத்தான் தட்டுகிறோம். மாற்றும்போது சிலவேளை அது ளகரமாகவே நின்றுவிடும். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், தேடினால் அகப்படாது.

டிஸ்க்கை இனிப் பொருத்தவே வேண்டாம். அந்த டிக் சத்தம் பெரும்பாலும் வாசிக்கும் தலை பழுதானதால் வருவது. மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு தரமும் அது தகவல் பதிந்திருக்கும் தகட்டைச் சுரண்டக்கூடும். பம்பலப்பிட்டியில் எந்தக் கடைக்காரராவது மேசையில் வைத்துத் திறந்து பார்ப்போம் என்றால் கொடுக்காதீர்கள். அதைத் தூசியில்லாத அறையில்தான் திறக்க வேண்டும், செலவும் கூட. அனுப்பிய பிரதி கையில் வந்த பிறகு அந்தச் செலவைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்றும் மறுப்பு என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. நடுவில் தொய்கிறது என்று சொல்ல, அவர் நடுப்பகுதி வரையாவது வாசித்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில், நாவலுக்குள் நுழைந்து பேசிய ஒரே ஆள் அவர். அவரைப் பதிலே போடாதவரோடு சேர்த்து வைத்துவிட்டீர்கள். உங்கள் கணவரும் அப்படித்தான்: திரும்ப எழுதச் சொல்கிறார், காசும் தர வருகிறார். அவரது வார்த்தை கொஞ்சம் முரடு, ஆனால் விளங்கவில்லை என்று அவரை ஒதுக்குவது நியாயமில்லை.

எழுதவா, விடவா என்பதற்கு இப்போது பதில் தர மாட்டேன். இந்தக் கிழமைக்குள் அந்த மூன்றாவது பதிப்பகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள்: வாசித்ததற்கு நன்றி, எந்த அத்தியாயத்தில் தொய்யத் தொடங்குகிறது, எதில் மறுபடி நிமிர்கிறது?