வலையா, தூண்டிலா? பேரேரிகளின் எல்லை நீர் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவும் கனடாவும் பங்குபோட்டுக்கொள்ளும் பேரேரிகளில் வணிக வலை, பூர்வகுடி மக்களின் வலை, பொழுதுபோக்குத் தூண்டில் மூன்றுமே ஒரே மீனைத் தேடிப் போகின்றன. இதுபற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. கோபமாக எழுதியவர்களின் கேள்வியையும் அப்படியே போட்டிருக்கிறேன். அந்தக் கோபத்துக்கும் பதில் வேண்டும்.

டொலீடோ, ஒஹாயோ: அண்ணா, போர்ட் கிளிண்டனில் ஈரி ஏரிக்குள் படகெடுத்துப் போனால் எங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 வால்ஐ மீன்தான். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கனடாக்காரன் செவுள் வலையில் (மீனின் செவுளை மாட்டிப் பிடிக்கும் வலை) அள்ளிக்கொண்டு போகிறான். ஒரே ஏரி, ஒரே மீன். இதில் என்ன நியாயம்?

அவர்கள் அள்ளுவதற்கும் கணக்கு இருக்கிறது, தம்பி. ஈரி ஏரியைச் சுற்றியுள்ள ஒஹாயோ, மிச்சிகன், பென்சில்வேனியா, நியூயார்க், ஒன்டாரியோ ஐந்தின் மீன்வள அதிகாரிகளும் பேரேரிகள் மீன்வள ஆணையத்தின் கீழ் ஆண்டுதோறும் கூடி, அந்த வருடம் மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். வால்ஐ மீனுக்கு அந்தக் கணக்கு எடையில் இல்லை, எண்ணிக்கையில். அதை மூன்று பேர் பிரித்துக்கொள்கிறார்கள்: ஒஹாயோவுக்கு 51.11 சதவீதம், ஒன்டாரியோவுக்கு 43.06, மிச்சிகனுக்கு 5.83. ஏரியில் யாருக்கு எவ்வளவு பரப்பு என்பதை வைத்து வந்த கணக்கு இது. யார் எதை வைத்துப் பிடிக்கிறார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

கிடைத்த பங்கை எப்படிச் செலவழிப்பது என்பது அவரவர் முடிவு. ஒன்டாரியோ தன் பங்கில் பெரும்பகுதியை வீட்லி, கிங்ஸ்வில், போர்ட் டோவர் போன்ற துறைமுகங்களின் வலைப்படகுகளுக்குக் கொடுக்கிறது. ஒஹாயோ வேறு வழியில் போனது. 1970இல் மீனில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு மீன்பிடிப்பு மூடப்பட்ட பிறகு, அங்கே வால்ஐ மீனை வணிகத்துக்குப் பிடிப்பது திரும்பவே இல்லை. 1980களில் செவுள் வலையையும் தடை செய்தார்கள். இன்று ஒஹாயோவின் வால்ஐ பங்கு முழுவதும் உங்களைப் போன்ற தூண்டில்காரர்களுக்குத்தான். பாதிக்கு மேற்பட்ட பங்கு உங்கள் கரையில் இருக்கும்போது, எதிர்க்கரை வலை உங்கள் பையிலிருந்து எடுக்கிறது என்று சொல்வது சரியல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். 2010இல் மொத்த அனுமதி 22 லட்சம் மீன். 2022இல் அது 1.4 கோடிக்கு மேல். இடையில் வலையை யாரும் எடுத்துவிடவில்லை. 2015லும் 2018லும் குஞ்சு பொரிப்பு அமோகமாக இருந்தது, அவ்வளவுதான். மீன் குறைந்த வருடங்களில் ஒன்டாரியோ வலைகளின் பங்கும் அதே விகிதத்தில் சுருங்கியது. 2010லிருந்து தூண்டில்காரர்களும் வலைக்காரர்களும் ஒரே ஆலோசனைக் குழுவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு உட்கார்ந்து, எந்த அளவுக்குக் கீழே போனால் பிடிப்பைக் குறைக்க வேண்டும் என்று விதிகளை அலசுகிறார்கள். இந்த ஏரிக்கு நடந்த பெரிய நல்ல காரியங்களில் ஒன்று அது என்று நினைக்கிறேன்.

ஸ்கார்பரோ, கனடா: அண்ணை, நாங்கள் இஞ்ச கடையில வாங்கிற பிக்கரல் இந்த வலையில பிடிச்சதுதானே? வாங்கிறது பிழையோ?

பிழையே இல்லை. அமெரிக்கக் கரையில் வால்ஐ என்பதைத்தான் கனடாவில் பிக்கரல் என்று விற்கிறார்கள். பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனை விற்க முடியாது. ஆகவே படகும் தூண்டிலும் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இந்த ஏரியின் மீன் வர வேண்டுமென்றால், யாராவது வலை போட்டாக வேண்டும். வலையை ஒழிக்கச் சொல்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. குழம்பு வைத்துச் சாப்பிடுகிறவருக்கும் ஏரியில் பங்கு உண்டு.

டிராய், மிச்சிகன்: சார், நாங்கள் உரிமக் கட்டணம் கட்டி, விதியெல்லாம் பார்த்து மீன் பிடிக்கிறோம். பூர்வகுடியினர் மட்டும் 1836இல் எழுதிய காகிதத்தைக் காட்டி வலை போடலாமாம். இது சலுகை இல்லையா?

சலுகை இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எல்லாத் தகராறுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1836 மார்ச்சில் வாஷிங்டனில் ஒட்டாவா, சிப்பேவா (ஒஜிப்வே என்றும் சொல்வார்கள்) மக்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், இன்றைய மிச்சிகன் மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நிலத்தை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது, குடியேற்றத்துக்குத் தேவைப்படும் வரை அங்கே வேட்டையாடவும் வழக்கமான உரிமைகளை அனுபவிக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று 13ஆம் பிரிவில் எழுதி வாங்கினார்கள். நிலத்தை விற்றவர், தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே தன் பெயரில் வைத்துக்கொள்வது போன்றது இது. நிலத்தை வாங்கியவர் அந்தத் தண்ணீரைத் தானமாகக் கொடுக்கவில்லை. அது விற்கப்படவே இல்லை. அந்த நிலத்தின் மேல்தான் இன்று நம் வீடுகளும் நெடுஞ்சாலைகளும் நிற்கின்றன. பத்திரத்தின் ஒரு பாதி செல்லும், மறுபாதி செல்லாது என்று எப்படிச் சொல்வது?

இந்த உரிமையை மாநில அரசு நெடுங்காலம் மதிக்கவில்லை. 1960களின் நடுவில் மிச்சிகன் தன் ஏரிகளை விளையாட்டு மீன்பிடிப்புக்கென்றே மாற்ற முடிவெடுத்தது. 1966இல் பசிபிக் கரையின் கோஹோ சால்மனைக் கொண்டுவந்து விட்டார்கள். தொடர்ந்து வணிக வலைகளைக் கட்டுப்படுத்தினார்கள். அந்த நெருக்கடியில் 1971இல் பே மில்ஸ் சமூகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் லெப்ளாங்க் சுப்பீரியர் ஏரியில் செவுள் வலை போட்டுக் கைதானார். 'பிக் ஏப்' என்று ஊரே அழைத்த மனிதர் அவர். வழக்கு மிச்சிகன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1976இல் உடன்படிக்கை உரிமை உயிரோடுதான் இருக்கிறது என்று தீர்ப்பானது. 1979இல் கூட்டாட்சி நீதிபதி நோயல் ஃபாக்ஸ் இன்னும் விரிவாக அதையே சொன்னார்.

பிறகு வந்தவை ஒப்பந்தங்கள்: 1985இல் ஒன்று, 2000இல் ஒன்று, 2023 ஆகஸ்டில் 24 ஆண்டுகளுக்கு ஒன்று. எந்தப் பகுதியில் யார், எந்த வலை, எந்த ஆழம், எவ்வளவு என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கிறது. பூர்வகுடிகளுக்குச் சொந்த உயிரியலாளர்களும் சொந்த மீன்வளக் காவலர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு விதி இருப்பதுபோல அவர்களுக்கும் விதி உண்டு. அந்த விதியை எழுதுகிறவர் மட்டும் வேறு.

விண்ட்சர், கனடா: எல்லைக்கு இந்தப் பக்கமும் அப்படித்தானா?

அடிப்படை அதுவே, சட்டம் வேறு. 1982 அரசியல் சாசனத்தின் 35ஆம் பிரிவு பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்கிறது. 1990இல் ஸ்பாரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், மீன்வளப் பாதுகாப்புக்கு அடுத்த முதலிடம் பூர்வகுடிகளின் உணவுத் தேவைக்கான மீன்பிடிப்புக்கே என்றது. 1993இல் புரூஸ் தீபகற்பத்தின் சாகீன் ஒஜிப்வே மக்களுக்கு வணிக மீன்பிடிப்பு உரிமையும் உண்டு என்று ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

லான்சிங், மிச்சிகன்: செவுள் வலை கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லும் என்கிறார்களே?

பட்டதையெல்லாம் அல்ல. ஆனால் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. செவுள் வலை என்பது மெல்லிய நைலான் சுவர். மேலே மிதவை, கீழே ஈயம். மாலையில் இறக்கிக் காலையில் எடுப்பார்கள். மீன் தலையை நுழைக்கும், உடல் நுழையாது, பின்வாங்கினால் செவுள் மூடி நூலில் மாட்டும். வைட்ஃபிஷ் என்ற மீனுக்கு நாலரை அங்குலக் கண்ணி போட்டால் சிறு மீன் ஊடே போய்விடும், மிகப் பெரிய மீன் முட்டித் திரும்பும். ஆனால் வைட்ஃபிஷ் பருமனுள்ள லேக் டிரவுட் மீன் வந்தால் அதுவும் மாட்டும். வலை ஏறும்போது பெரும்பாலும் உயிர் இருக்காது.

கூண்டு வலை அப்படியல்ல. கரையிலிருந்து ஆழம் நோக்கி ஒரு நீண்ட தடுப்பு வலை ஓடும். மீன் அதன் ஓரமாகவே நீந்திப் போய், குறுகும் வாய் வழியாகக் கூண்டுக்குள் விழுந்து, உள்ளே உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும். வலைக்காரர் கூண்டைத் தூக்கி, வைட்ஃபிஷை எடுத்துக்கொண்டு டிரவுட்டைத் திருப்பி விட்டுவிடலாம். 2000ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பூர்வகுடி மீனவர் பலர் கூண்டு வலைக்கு மாற மாநில அரசு பணம் செலவழித்தது. அது நல்ல செலவு. ஆனால் கூண்டு வலைக்குப் பெரிய படகும் ஆட்களும் வேண்டும். சின்னப் படகில் ஒருவரோ இருவரோ போகிற குடும்பத்துக்குச் செவுள் வலைதான் கட்டுப்படியாகும். அதனால்தான் 2023 ஒப்பந்தத்தில் சில பகுதிகளில் செவுள் வலையை நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தார்கள். தூண்டில் அமைப்புகளின் கூட்டணி அதை எதிர்த்தது. டிரவுட் பெருக உழைத்தவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. அந்தப் பகுதிகளில் மாட்டும் டிரவுட் கணக்கை இரு தரப்பும் ஒளிவுமறைவின்றி வெளியிட வேண்டும் என்பதே என் கருத்தும். வலையையே தடை செய் என்பது வேறு கோரிக்கை, அதை நான் ஏற்க மாட்டேன்.

டிராவர்ஸ் சிட்டி, மிச்சிகன்: அப்படியானால் மிச்சிகன் ஏரியில் வைட்ஃபிஷ் எங்கே போனது? வலைதானே காரணம்?

சிப்பி. விரல்நகம் அளவுள்ள குவாகா சிப்பி, கப்பல்களின் அடித்தள நீரோடு கருங்கடல் பக்கத்திலிருந்து வந்தது. ஏரியின் தரை முழுக்கப் படிந்து, தண்ணீரை வடிகட்டி, மிதக்கும் நுண்ணுயிரையெல்லாம் தின்றுவிடுகிறது. தண்ணீர் கண்ணாடி போலத் தெரியும், பார்க்க அழகு. ஆனால் பொரித்த வைட்ஃபிஷ் குஞ்சுக்கு வசந்தத்தில் தின்ன ஒன்றும் இல்லை. மிச்சிகன், ஹியூரான் இரண்டு ஏரிகளிலும் இதே கதை. சுப்பீரியரில் சிப்பி அந்த அளவுக்குப் பரவவில்லை. அங்கே வலைகள் இருந்தும் வைட்ஃபிஷ் இருக்கிறது. குற்றவாளி யாரென்று இதிலேயே தெரிகிறதல்லவா?

இதற்கு முன்பும் இப்படி நடந்தது. வெல்லண்ட் கால்வாய் வழியாக மேல் ஏரிகளுக்குள் வந்த சீ லாம்ப்ரே என்ற விலாங்கு போன்ற ஒட்டுண்ணி, டிரவுட்டின் உடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சி, 1940களிலும் 50களிலும் அந்த மீனை ஏறக்குறைய அழித்தது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பும் சேர்ந்துகொண்டது. 1958இல் லாம்ப்ரே குஞ்சுகளை மட்டும் குறிவைக்கும் மருந்தை ஓடைகளில் ஊற்றத் தொடங்கிய பிறகே டிரவுட் மெல்லத் திரும்பியது. அந்த மருந்து வேலையை நடத்துவதும் இரு நாடுகளின் பணத்தில் இயங்கும் அதே மீன்வள ஆணையம்தான். அதன் நிதியைக் குறைக்கப் பேச்சு வரும்போதெல்லாம் வலைக்காரரும் தூண்டில்காரரும் சேர்ந்தே தங்கள் எம்.பி.க்களுக்கு எழுத வேண்டும்.

மினியாபோலிஸ்: பூர்வகுடிகள் ரெட் லேக்கில் வால்ஐ மீனை வழித்தெடுத்து ஏரியையே காலி செய்தார்களே, அதை ஏன் சொல்வதில்லை?

சொல்கிறேன், முழுவதுமாகச் சொல்கிறேன். அது எல்லை நீர் இல்லை, மினசோட்டாவுக்குள்ளேயே இருக்கும் ஏரி. 1990களில் அங்கே வால்ஐ சரிந்தது உண்மை, மிகைப் பிடிப்பே காரணம் என்பதும் உண்மை. கள்ளச் சந்தைக்கு மீன் போனது, மேல் ரெட் லேக்கின் மாநிலப் பகுதியில் தூண்டில்களும் எடுத்தன. அடுத்து நடந்ததையும் பாருங்கள்: ரெட் லேக் மீனவர்கள் 1997இல் தாங்களே வலையை நிறுத்தினார்கள். 1999இல் பூர்வகுடி அரசும் மாநிலமும் ஒப்பந்தம் போட்டு ஏரியை முழுக்க மூடி, கோடிக்கணக்கில் குஞ்சு விட்டன. 2006இல் திறந்தபோது ஏரி நிறைய மீன். தன் பிழைப்பைத் தானே நிறுத்திவைத்துக் காத்திருந்த மீனவர் சமூகம் அது. அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும்.

பிராம்ப்டன், கனடா: எல்லைத் தகராறு என்றால் பூர்வகுடிகளோடு மட்டும்தானா?

இல்லை. 1990களில் லேக் ஆஃப் த வுட்ஸில் தூண்டில்காரருக்கும் தூண்டில்காரருக்குமே சண்டை. கனடாவில் தங்காத அமெரிக்கர் ஒன்டாரியோ நீரில் பிடித்த வால்ஐ மீனை எடுத்துச் செல்ல முடியாதபடி ஒன்டாரியோ விதி போட்டது. மினசோட்டாவின் நார்த்வெஸ்ட் ஆங்கிள் மக்கள் பிழைப்புக் கெட்டு, கனடாவோடு சேர்ந்துவிடுகிறோம் என்று கிளம்பினார்கள். 1998இல் அதற்காக அமெரிக்க நாடாளுமன்றத்தில் தீர்மானமே கொண்டுவரப்பட்டது. வர்த்தகப் புகார் வரை போய், 1999இல் ஒன்டாரியோ அந்த விதியைக் கைவிட்டது.

கிரீன் பே, விஸ்கான்சின்: படகுத்துறையில் ஒருவர் பூர்வகுடி மீனவரைக் கேவலமாகப் பேசினார். என் மகனும் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பேசாமல் வந்துவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?

பேசியிருக்கலாம், அக்கா. தனியாக, குழந்தையோடு இருக்கும்போது பேசாமல் வந்ததிலும் தவறில்லை. உங்கள் மாநிலத்தில் ஒஜிப்வே மக்களின் உடன்படிக்கை உரிமையை ஏற்ற வாய்ட் தீர்ப்பு 1983இல் வந்தபின், ஈட்டியால் மீன் பிடிக்கப் போன ஒஜிப்வே மக்கள்மேல் படகுத்துறைகளில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. இனத்தைச் சொல்லித் திட்டியது. 1991இல் கூட்டாட்சி நீதிமன்றம் தடையாணை போட்டுத்தான் அடக்கியது. அந்தப் பேச்சு மீனைப் பற்றியதே அல்ல. உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று மகனிடம் வீட்டில் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

சகினா, மிச்சிகன்: டிரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பிடிப்பது) போகும்போது கூண்டு வலையில் மாட்டிக்கொண்டால்?

கொடி கட்டிய மிதவைகளைக் கண்டால் இரண்டுக்கும் நடுவே போகாதீர்கள். நீருக்கடியில் தடுப்பு வலை நீளமாக ஓடும். நன்றாக விலகிச் சுற்றிப் போங்கள். டவுன்ரிக்கர் கம்பி (தூண்டிலை ஈயக்குண்டால் ஆழத்துக்கு இறக்கும் கம்பி) மாட்டிவிட்டால் உடனே இன்ஜினை நியூட்ரலில் போடுங்கள். பின்னோக்கி இழுத்தால் கயிறு புரொப்பெல்லரில் சுற்றி, அலை பின்பக்கமாகப் படகுக்குள் ஏறும். கம்பியை வெட்டி விடுங்கள். ஈயக்குண்டு போனால் போகட்டும். இடத்தைக் குறித்துக்கொண்டு மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். வலைக்காரருக்கு அவர்கள் தகவல் கொடுப்பார்கள். மாட்டிய வலையைக் கோபத்தில் அறுத்து எறிவது குற்றம், அது ஒரு குடும்பத்தின் சொத்து.