கட்சி தரும் ஃப்ளெக்ஸ் வேண்டாம், தம்பி

காட்பாடிப் பக்கம் இளங்கலை படிக்கிறீர்கள், கல்லூரி மாணவர் பேரவை சேர்மன் தேர்தலில் நிற்கிறீர்கள், கட்சி மாணவரணி ஃப்ளெக்ஸ் அடித்துத் தருவதாகச் சொல்கிறது, வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாங்காதீர்கள். மாணவர் தேர்தலை எப்படி நடத்த வேண்டும் என்று லிங்டோ குழு சொல்லி, 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விதிப்படி அச்சடித்த போஸ்டர், நோட்டீஸ் எதுவும் கூடாது. கையால் எழுதியது மட்டும்தான், அதுவும் கல்லூரி ஒதுக்கிய இடத்தில். செலவு 5,000 ரூபாய்க்குள். மாணவர்கள் விரும்பித் தரும் பணம் தவிர வெளிப்பணம் ஆகாது. அந்த ஃப்ளெக்ஸை எதிரணி போனில் படம் பிடித்துக் கல்லூரியில் தேர்தல் புகார்களை விசாரிக்கும் குறைதீர் குழுவில் கொடுத்தால் ஜெயித்த பதவியே பறிபோகலாம்.

அதைவிட முக்கியம் அரியர். போட்டியிடும் ஆண்டில் ஒன்று இருந்தாலும் தகுதி போச்சு. வருகைப்பதிவு 75 சதவீதம், வயது 17 முதல் 22.

சார்ட், மார்க்கர் வாங்கிய பில்லைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கு கொடுக்க வேண்டும்.

கட்சியில் உறுப்பினராக இருப்பது உங்கள் உரிமை, அதை யாரும் தடுக்க முடியாது. கட்சிக் கொடியை மட்டும் கல்லூரி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, ஹாஸ்டல் தண்ணீரையும் சாயங்கால பஸ்ஸையும் பற்றிப் பேசுங்கள். வேட்புமனு போடும் முன் கல்லூரியின் தேர்தல் விதி நகலை அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.