பிரஷர் மாத்திரையை நிறுத்தியதால்தான் அப்பா போனாரா?

கேள்வி: 2021-ல் கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்த்த ஒன்பதாம் நாள் அப்பா இறந்துவிட்டார். வயது 67. பத்து வருடமாக பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிட்டு வந்தார். சேர்த்த அன்றே அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று இன்னும் மனசு அரிக்கிறது. எனக்கு இப்போது 44. அலுவலகப் பரிசோதனையில் 150/96 காட்டியது. மாத்திரை எதுவும் தொடங்கவில்லை. – பெயர் வேண்டாம்.

பதில்: மாத்திரையை நிறுத்தியதால் அவர் இறந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நானும் டெல்மிசார்ட்டன்காரன்தான். 2020 மார்ச்சில் ஒரு பேச்சு கிளம்பியது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது ஏசிஇ2 என்ற புரதத்தை. இந்த வகை மாத்திரைகள் அதைக் கூட்டிவிடுமோ என்று, விலங்குகளில் செய்த ஆய்வுகளை வைத்து ஒரு சந்தேகம். இரண்டு நாள் காலையில் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன், டாக்டராக இருந்தும்! அந்த மாதமே ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் ரத்த அழுத்தக் குழு 'நிறுத்தாதீர்கள்' என்று அறிக்கை விட்டது. மூன்றாம் நாள் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் பிரேசிலில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்த, ஏற்கெனவே இந்த மாத்திரைகள் எடுத்துவந்த 659 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு 30 நாள் நிறுத்தினார்கள், மறு பாதிக்குத் தொடர்ந்தார்கள். இறந்தவர்கள் நிறுத்தியவர்களில் 2.7 சதவீதம், தொடர்ந்தவர்களில் 2.8. அப்பா அளவுக்கு மோசமானவர்கள் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மோசமானவர்களுக்கு நிறுத்த வேறு காரணமே உண்டு. தொற்று முற்றினால் பிரஷர் தானாக இறங்கும். காய்ச்சலில் நீர் வற்றி, ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பொட்டாசியமும் ஏறும். அந்த நேரத்தில் டெல்மிசார்ட்டனும் உள்ளே போனால் சிறுநீரகம் அடிவாங்கும். கேஸ் ஷீட்டில் பிரஷர் 90/60 என்று இருந்தால் நானும் டெல்மிசார்ட்டனை அடித்து நிறுத்தியிருப்பேன்.

சரி, பிரஷருக்குப் பங்கே இல்லையா? உண்டு. வூகானில் சில நாட்களுக்குள் கட்டி எழுப்பிய ஹூவோஷென்ஷான் மருத்துவமனையில் சேர்ந்த 2,877 பேரைப் பார்த்தார்கள். பிரஷர் உள்ளவர்களில் 4 சதவீதம் பேர் இறந்தார்கள், இல்லாதவர்களில் 1.1. பிரஷர்காரர்களுக்குப் பொதுவாக வயதும் கூட, சர்க்கரையும் கூட. அதையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் அபாயம் இரண்டு மடங்கு நின்றது. இது கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு. உங்கள் அப்பாவிடம் 67 வயது எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அது உங்களுக்கானது. பிரஷர் இருப்பது தெரிந்தும் மருந்து எடுக்காமல் இருந்தவர்கள் 140 பேர். அவர்களில் இறந்தது 7.9 சதவீதம். மருந்து எடுத்தவர்களில் 3.2. மருத்துவமனையில் பத்து நாள் நிறுத்துவது வேறு. வருடக்கணக்கில் தொடங்காமலே இருப்பது வேறு. இரண்டாவதில் இதயச் சுவர் தடிக்கும், சிறுநீரகம் சத்தமில்லாமல் தேயும். கொரோனா என்றில்லை, எந்தக் கடும் காய்ச்சல் வந்தாலும் சமாளிக்க உடம்பில் கையிருப்பு குறைவாக இருக்கும்.

ஒரு தடவை பார்த்த 150/96-ஐ வைத்து நான் மாத்திரை எழுத மாட்டேன். மேல்கையில் கட்டும் கருவி ஒன்று வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், பேசாமல், கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். காலை இரண்டு தடவை, இரவு இரண்டு தடவை, ஒரு வாரம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அந்தத் தாளோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.